100 ஆக்டேன் ஊற்றியும் கிக்கர் திருப்பி அடித்தது

சேலம் போய்த் தருமபுரிக்குத் திரும்பும்போதெல்லாம், தொப்பூர் கணவாயில் ரெட்டைப் பாலம் தாண்டி ஏற்றம் பிடித்ததும் அந்தச் சத்தம் ஆரம்பிக்கும். எவர்சில்வர் தட்டில் புளியங்கொட்டையை உருட்டிவிட்ட மாதிரி கிணுகிணுவென்று ஹெட்டுக்குள்ளிருந்து வரும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் நிற்கும், முறுக்கினால் மறுபடியும் வரும். எதிர்ப்பக்கம் இறங்கும் லாரிகளின் பிரேக் கருகும் நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு, காதை மட்டும் என்ஜினிடம் கொடுத்து எத்தனை முறை ஏறியிருப்பேன் என்று கணக்கில்லை.

வண்டி என் தாய்மாமாவுடையது. 1992 மாடல் புல்லட் 350. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிவதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பு வாங்கியது. காவேரிப்பட்டினத்தில் அவருக்கு மாந்தோப்பு. சீசனில் தோப்புக்கும் மண்டிக்கும் ஓடி ஓடியே பாதி ஆயுளைக் கழித்த வண்டி. முட்டி வலி வந்ததும், "என்னால இனி உதைக்க முடியாது, நீயே வெச்சுக்கோ" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். முட்டி ஏன் போனது என்று அன்றைக்கே கேட்டிருந்தால் இந்தக் கதை பாதியாகக் குறைந்திருக்கும்.

சத்தத்தைப் பற்றி யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான். பெட்ரோல் சரியில்லை, நல்ல பெட்ரோலாகப் போடு. நல்லது என்றால் விலை அதிகமானது. நானும் முதலில் பெட்ரோலைத்தான் சந்தேகப்பட்டேன். பங்கில் வடிகட்டித் தாள் கேட்டு வாங்கி ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கறை எதுவும் நிற்கவில்லை. எழுதி வைத்திருந்த அடர்த்தியும் அளந்து காட்டிய அடர்த்தியும் ஒத்துப்போயின. மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் இறங்கும், நாக்கிங் என்ற இந்தக் கிணுகிணுப்பு வரும் என்பது உண்மைதான். ஆனால் நாலு பங்கில் மாற்றி மாற்றிப் போட்டும் அதே இடத்தில் அதே சத்தம். நாலு பங்கும் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறது என்று நம்பும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை.

சரி, விலை கூடியதையே போட்டுப் பார்ப்போம் என்று ஒரு மாதம் ஒதுக்கினேன். முறை எளிது. டேங்கை ரிசர்வ் வரை ஓட்டி, மிச்சத்தை வடித்து, கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்துவிட்டுப் புதியதை ஊற்றுவது. பின்சீட்டில் எப்போதும் சித்தப்பா மகன், எழுபது கிலோ. மூன்றாவது கியர், நாற்பது வேகம், ரெட்டைப் பாலத்திலிருந்து மேலே. சாதாரணப் பெட்ரோலில் பாதி ஆக்சிலேட்டரிலேயே கிணுகிணுப்பு. 95 ஆக்டேனில் முக்கால் முறுக்கில் வந்தது, சத்தமும் கொஞ்சம் மெலிந்திருந்தது. அடுத்து 100. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்த பெட்ரோல் அது. பாட்டிலில் தரமாட்டார்கள் என்பதால், பெங்களூருவில் வேலை இருந்த ஒரு நாள் வண்டியிலேயே போய் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்தேன். சாதாரணத்தைப் போல ஒன்றரை மடங்கு விலை. பில்லை வீட்டில் காட்டவில்லை.

100 ஆக்டேனில் தொப்பூர் ஏறினேன். சத்தம் இல்லை. முழு முறுக்கிலும் இல்லை. சித்தப்பா மகன் பின்னாலிருந்து முதுகில் தட்டினான். "நான் அப்பவே சொல்லல?" என்று நாலு பேராவது சொன்னார்கள். நானும் தோற்றதாக ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறரை மணி. சிலிண்டர் அழுத்தத்தைத் தளர்த்தும் டிகம்ப்ரஸரைப் பிடித்து, ஆம்பியர் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, முறைப்படி உதைத்தேன். கிக்கர் பாதி வழியிலேயே நின்று, வந்த வேகத்துக்கு இரண்டு மடங்கில் திரும்பி அடித்தது. கெண்டைக்காலில் நீளமாக ஒரு கோடு. வாசல்படியில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோதுதான் மூளை வேலை செய்தது. டேங்கில் இருப்பது பங்கில் கிடைப்பதிலேயே உயர்ந்த ஆக்டேன். ஏற்றத்தில் சத்தம் போய்விட்டது. ஆனால் கிக்கர் திருப்பி உதைப்பது போகவில்லை. உதைக்கு ஆக்டேன் கணக்கு கிடையாது. பிஸ்டன் மேலே வந்து முடிப்பதற்கு ரொம்ப முன்பே பிளக் தீ வைத்தால், எந்தப் பெட்ரோலாக இருந்தாலும் பிஸ்டனைக் கீழே தள்ளத்தான் செய்யும். புல்லட் என்றால் உதைக்கும், அது அதன் குணம் என்று மாமாவும் நானும் முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

இங்கே ஆக்டேனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கரும்புக் காட்டில் சோகைக்குத் தீ வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு மூலையில் வைத்த தீ வரிசையாக நகர்ந்து அடுத்த மூலைக்குப் போக வேண்டும். சிலிண்டருக்குள்ளும் அப்படித்தான். பிளக்கில் பிடித்த தீ பரவும்போது, இன்னும் எரியாமல் ஓரத்தில் இருக்கும் கலவை நசுங்கிச் சூடாகிறது. அந்தச் சூட்டைத் தாங்காமல் தீ வந்து சேருமுன் தானாகவே பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங். எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் எண்தான் ஆக்டேன். ஐசோ-ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, இரண்டையும் கலந்து ஒப்பிட்டுச் சொல்வது. பெட்ரோலில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை அந்த எண் சொல்வதே இல்லை. ஆக்டேன் கூடினால் பிக்கப் கூடும் என்பது, பொறுமைசாலியைப் பார்த்துப் பலசாலி என்று சொல்வது மாதிரி.

இன்னொரு குழப்பம் என் சித்தி மகனால் வந்தது. அமெரிக்காவில் இருக்கிறான். "எங்க ஊர்ல 87தான் போடறோம், வண்டி நல்லாத்தானே ஓடுது" என்றான். அவர்கள் பங்கில் எழுதுவது வேறு எண். இங்கே எழுதுவது ரிசர்ச் முறையில் அளந்த ஆக்டேன் மட்டும். அங்கே அதோடு மோட்டார் முறை எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கிறார்கள். அவர்களின் 87 கிட்டத்தட்ட நம்முடைய 91. வெளிநாட்டு வண்டிக் குறிப்புப் புத்தகத்தில் 87 என்று பார்த்துவிட்டு நம்ம ஊர்ப் பெட்ரோல் அதைவிட உசத்தி என்று நினைத்தவர்களும் உண்டு, அங்கே 91 என்று பார்த்துவிட்டு இங்கேயும் அதுவே போதும் என்று நினைத்தவர்களும் உண்டு. எண்ணைப் பார்க்கும் முன் எந்த முறை என்று பார்க்க வேண்டும்.

கால் வீக்கம் வடிந்ததும் முதல் வேலையாக, இந்த என்ஜின் உண்மையில் எவ்வளவு நசுக்குகிறது என்று அளந்துவிட முடிவு செய்தேன். புத்தகத்தில் இருக்கும் எண் புது வண்டிக்கு. முப்பது வருஷத்தில் யார் ஹெட்டைக் கடைசல் பிடித்தார்கள், என்ன கேஸ்கட் போட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? தேவைப்பட்டது மருந்துக்கடை சிரிஞ்ச் ஒன்று, 20 மில்லி, முப்பது ரூபாய்க்குள். என்ஜின் ஆயிலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு இளக்கிக்கொண்டேன். பிளக்கைக் கழற்றி, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை மேலே பார்க்கும்படி வண்டியைச் சாய்த்துச் சுவரில் முட்டுக் கொடுத்தேன். துளையின் விளிம்பு வரை எண்ணெய் நிற்க எத்தனை மில்லி போகிறது என்று எண்ண வேண்டும். ரிங் வழியாகக் கசியும், அதனால் சீக்கிரம் செய்ய வேண்டும். மூன்று முறை செய்தேன். 56, 55.5, 56.5. பிளக் மரை பிடிக்கும் இடம் சுமார் 2 மில்லி, அதைக் கழித்தால் 54.

சிலிண்டரின் விட்டம் (போர்) 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் (ஸ்ட்ரோக்) 90. வட்டப் பரப்பைத் தூரத்தோடு பெருக்கினால் 346 சிசி. அதோடு 54ஐக் கூட்டி 54ஆல் வகுத்தால் 7.4. கம்ப்ரஷன், அதாவது கலவை நசுங்கும் விகிதம், 7.4க்கு 1. இன்றைய ரேஸ் வண்டிகளில் 12ஐத் தாண்டும். இது அவர்களின் பக்கத்தில் நின்றால் பாட்டி மாதிரி.

எண்ணெயை வெளியே எடுக்கும் வேலையில் ஒரு தப்பு. சிரிஞ்சால் உறிஞ்சியது போக மிச்சத்தை வெளியேற்ற, பிளக் இல்லாமல் கிக்கரை உதைக்க வேண்டும். பிளக் போட்டு உதைத்தால் எண்ணெய் நசுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கான்ராடு வளையும். அது எனக்குத் தெரியும். துளை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைத்தான் மறந்துவிட்டேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த சித்தப்பாவின் வெள்ளை வேட்டி இரண்டும் இப்போது வண்டி துடைக்கும் துணியாக என்னிடமே இருக்கின்றன.

7.4 என்ற எண் கையில் வந்ததும் கேள்வி திரும்பிக்கொண்டது. எந்தப் பெட்ரோல் போடுவது என்பதை விட்டுவிட்டேன். இந்த என்ஜினுக்குச் சாதாரணப் பெட்ரோலே ஏன் போதவில்லை? இதன் மூல வடிவம் 1949இல் இங்கிலாந்தில் வந்தது. அப்போது அங்கே கிடைத்தது போருக்காகக் கொண்டுவந்த பொதுப் பெட்ரோல், ஆக்டேன் 70ஐ ஒட்டித்தான் இருந்தது. அதில் ஏறி இறங்கிய வடிவம். நம் நாட்டிலேயே பாரத் ஸ்டேஜ் 2 புகை விதிக் காலத்தில் 88தான், ஸ்டேஜ் 3 வந்த பிறகு 91. இப்போது பங்கில் வருவதில் 20 சதவீதம் எத்தனால் வேறு. எத்தனாலின் ஆக்டேன் 108 அளவில் இருக்கும், அதனால் கலவையின் ஆக்டேன் ஏறத்தான் செய்யும். இத்தனையும் பத்தாமல் ஒரு 7.4 என்ஜின் கிணுகிணுக்கிறது என்றால் கோளாறு டேங்குக்கு வெளியே எங்கோ இருக்கிறது. 100 ஆக்டேன் அந்தக் கோளாறின் மேல் போர்வை போர்த்தியிருக்கிறது.

பென்னாகரம் ரோட்டில் எனக்குத் தெரிந்த பாய் ஒருவர் இருக்கிறார். பழைய புல்லட் என்றால் மட்டும் கடைக்குள் விடுவார், மற்ற வண்டிகள் ரோட்டிலேயே நிற்கும். போய்ச் சொன்னேன். காலைக் காட்டச் சொன்னார். கோட்டைப் பார்த்துவிட்டு, "பெட்ரோலுக்கு எவ்ளோ செலவு பண்ண தம்பி?" என்றார். சொன்னேன். "அந்தக் காசுக்கு ரெண்டு செட் பாயிண்ட் வந்திருக்கும்." பாயிண்ட் என்பது ஒரு சின்ன ஸ்விட்ச், அது திறக்கும் கணத்தில்தான் பிளக் தீ வைக்கும்.

ஹெட்டை அவர் கடையிலேயே இறக்கினோம். பிஸ்டன் தலையில் கரி, ஹெட்டிலும் கரி, சில இடத்தில் அடுப்புப் புகைக்கூண்டு மாதிரி செதில் செதிலாக. செதில் முனை செக்கச் சிவந்து கனன்றால் அதுவே இன்னொரு பிளக். மூங்கில் சீவலால் சுரண்டினேன். அலுமினியத்தில் ஸ்க்ரூட்ரைவர் போடக் கூடாது என்று பாய் கையைத் தட்டிவிட்டார். எல்லாம் பூட்டியபின் திரும்ப அளந்தபோது 55.6 மில்லி வந்தது, கம்ப்ரஷன் 7.2. அவ்வளவு கரியும் சேர்ந்து கணக்கில் கூட்டியது வெறும் 0.2தான். கரி எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்த எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்.

ஹெட் திறந்திருக்கும்போதே டைமிங், அதாவது பிளக் தீ வைக்கும் நேரம், பார்த்தோம். புல்லட்டில் பிளக் துளை சாய்ந்திருப்பதால், ஹெட் மேலே இருக்கும்போது கம்பி விட்டு அளந்தால் அளவு பொய் சொல்லும். திறந்திருந்தால் வெர்னியரின் வால் நேராகப் பிஸ்டன் மேல் நிற்கும். முதலில் பாயிண்ட் இடைவெளி. இருக்க வேண்டியது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், இருந்தது 0.5. இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகவே திறக்கும், அதாவது டைமிங் தானாக முன்னே போகும். யாரும் கை வைக்காமலே நடந்திருக்கக்கூடிய தப்பு. அடுத்து, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி வெர்னியரைக் குறித்துக்கொண்டு, கொஞ்சம் அதிகமாகவே பின்னால் இறக்கி, ஓடும் திசையில் மெதுவாக முன்னே கொண்டுவந்தோம். பின்னால் இறக்கும்போதே அளந்தால் பல்சக்கரத்தின் ஆட்டம் அளவில் சேர்ந்துகொள்ளும். சாவியைப் போட்டு ஆம்பியர் மீட்டரைப் பார்த்தால் போதும். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், திறக்கும் கணத்தில் துள்ளி நடுவுக்கு வரும். பழைய ஆட்கள் சிகரெட் தாளைப் பாயிண்டில் செருகி, தாள் வழுகும் இடத்தைப் பிடிப்பார்கள். பாய் இரண்டையும் செய்தார். இரண்டிலும் ஒரே பதில், உச்சிக்கு 1.7 மில்லிமீட்டர் முன்பு.

இந்த என்ஜினுக்கு வேண்டியது 0.8.

1.7க்கும் 0.8க்கும் உள்ள வித்தியாசம் கிராங்க் கணக்கில் நான்கு டிகிரிக்கு மேல். நின்ற இடத்திலேயே இவ்வளவு. வேகம் கூடும்போது ஆட்டோ அட்வான்ஸ் இன்னும் முன்னே தள்ளும். அதன் எடைகளை இழுத்துப் பிடிக்கும் இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்றின் கொக்கி நெளிந்து நீண்டிருந்தது. எடை திரும்பி முழுதாக உட்காராது. சில நாள் உதைக்கும், சில நாள் உதைக்காது என்பதற்கும் அதுதான் காரணம். பாயிண்ட் அடித்தட்டில் யாரோ பழைய குறியை விட்டு முன்னே திருப்பி வைத்த தடமும் தெரிந்தது. "பிக்கப் வேணும்னு கேட்டா இப்படித்தான் திருப்பி வெப்பாங்க" என்றார் பாய். மாமா எப்போதாவது பிக்கப் கேட்டிருப்பாரா? மாங்கூடை ஏற்றிப் போன மனிதர், கேட்டிருக்கலாம்.

இடைவெளியை 0.38க்கு வைத்து, பிறகு அடித்தட்டைத் தளர்த்தி 0.8க்குக் கொண்டுவந்தோம். வரிசை முக்கியம். டைமிங் வைத்துவிட்டு இடைவெளியைத் தொட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஸ்பிரிங் இரண்டும் மாற்றியாயிற்று.

அடுத்த ஞாயிறு, சாதாரணப் பெட்ரோல், அதே சித்தப்பா மகன், அதே ரெட்டைப் பாலம். மூன்றாவது கியரில் முக்கால் முறுக்கு வரை சத்தமே இல்லை. முழு முறுக்கில், மேலே ஏறி என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, லேசாக ஓரிரு கிண். முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் இருந்தது.

அந்த மிச்சத்துக்குப் பெட்ரோல்தான் காரணம். ஆக்டேன் அல்ல, எத்தனால். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். 20 சதவீதம் கலந்தால் 13.5 பக்கம் வருகிறது. இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்குக் கண் கிடையாது. ஜெட் என்ற பழைய பெட்ரோல் துளை வழியாகப் பழைய அளவே போகும், கலவையில் காற்று ஏழெட்டு சதவீதம் அதிகமாகிவிடும். காற்று கூடிய கலவை ஏற்றத்தில் சூட்டைக் கிளப்பும், சூடு நாக்கிங்கைக் கூப்பிடும். ஒரு கையால் ஆக்டேனைக் கொடுத்து மறு கையால் சூட்டையும் ஏற்றிவிடுகிறது. நான் போட்ட பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று வீட்டு வெளியில் ஒரு அளவுக் குழாயில் பார்த்தேன். 100 மில்லி பெட்ரோலில் 10 மில்லி தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தால், எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். 10 மில்லியாக விட்ட தண்ணீர் 28 ஆகி நின்றது. டேங்குக்குள் மழைத் தண்ணீர் போனாலும் இதேதான் நடக்கும், கிக்கர் அடித்து அடித்துக் கால்தான் தேயும். மூடி ரப்பரை அன்றே மாற்றினேன்.

என் மிக்கார்ப் கார்புரேட்டரில் இருந்த மெயின் ஜெட் 90. 92.5 தேடினேன், தருமபுரியில் கிடைக்கவில்லை, 95தான் கிடைத்தது. எண் ஐந்துதான் கூடியது, ஆனால் துளையின் பரப்பளவில் 11 சதவீதம். தேவைக்குக் கொஞ்சம் அதிகம்தான். காற்றில் குளிரும் என்ஜினுக்கு, அதுவும் ஏற்றத்துக்கு, குறைவதைவிடக் கூடுவது பரவாயில்லை என்று போட்டுவிட்டேன். ஏற்றத்தில் முழு முறுக்கிலேயே என்ஜினை அணைத்து, கிளட்சைப் பிடித்து ஓரங்கட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முன்பு வெளுத்திருந்த பீங்கான் இப்போது காப்பித்தூள் நிறம். சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. மைலேஜ் லிட்டருக்கு 32 இருந்தது 31 ஆனது. 100 ஆக்டேனில் ஓட்டியபோதும் 32தான் கிடைத்தது என்பதை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

பிடிவாதத்துக்காக இன்னொரு முறை 95 போட்டும் ஏறினேன். எந்த மாற்றமும் தெரியவில்லை. நாக்கிங் இல்லாத இடத்தில் ஆக்டேன் செய்வதற்கு ஒன்றுமில்லை.

மாமாவுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. "ஈயம் போட்ட பெட்ரோல் போனதோட வண்டிக்கு உசுரு போச்சு, அதுக்காவது விலை கூடினதைப் போடு." நாடு முழுக்க ஈயம் நின்றது 2000 பிப்ரவரி 1 முதல். ஈயம் இரண்டு வேலை செய்தது. ஆக்டேனை ஏற்றியது, வால்வு வந்து உட்காரும் சீட்டின் மேல் மெத்தை மாதிரி படிந்தது. விலை கூடிய பெட்ரோல் முதல் வேலையைத்தான் செய்யும், இரண்டாவதைச் செய்யாது. சீட் தேய்கிறதா என்று தெரிந்துகொள்ள, வால்வைத் தள்ளும் புஷ்ராடு கம்பியின் தளர்வை, அதாவது டப்பெட்டைப் பார்த்தால் போதும். குளிர்ந்த என்ஜினில் புஷ்ராடு விரலால் உருட்டினால் சுற்ற வேண்டும். சீட் தேய்ந்தால் வால்வு மேலே ஏறி, புஷ்ராடு அடிக்கடி இறுகும். இரண்டு வருஷத்தில் நான் ஒரே ஒரு முறைதான் சரிசெய்திருக்கிறேன். மாமா கேட்டுக்கொண்டார், நம்பியதாகத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி ஆர்எக்ஸ் 100க்கு 100 ஆக்டேன் போடலாமா என்று கேட்டான். வண்டி கிணுகிணுக்கிறதா என்றேன். இல்லை என்றான். அப்புறம் எதுக்குடா என்றேன். அவன் புதிதாக வாங்கப் போகும் வண்டியின் புத்தகத்தில் 95 என்று போட்டிருந்தால் 95தான் போட வேண்டும், அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. அங்கே அந்த எண்ணை நம்பித்தான் கம்ப்ரஷனையே வைத்திருப்பார்கள். பழைய வண்டியில் எண்ணை நம்புவதற்கு முன் டைமிங்கை நம்ப முடிகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னும் பாக்கி இருப்பது பெட்ரோல் டியூப். எத்தனால் பட்டு ஊதி, நுனி பிசுபிசுக்கிறது. தாங்கும் ரகமாகப் பார்த்து ஒரு மீட்டர் வாங்க வேண்டும். மிதவை ஊசியின் ரப்பர் முனையையும் அப்போதே பார்த்துவிடலாம்.

போன வாரம் மாமா வீட்டுக்கு வந்தவர், யாரும் கேட்காமலே வண்டியிடம் போனார். டிகம்ப்ரஸர், முள் நடுவில், ஒரே மிதி. தயங்கித் தயங்கித்தான் மிதித்தார், கால் பழைய பயத்தில் பாதியிலேயே விலகப் பார்த்தது. திருப்பி அடிக்கவில்லை. டுப் டுப்பென்று ஓடியது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "டைமிங் பின்னால போட்டுட்ட, சத்தத்துல மிடுக்கு இல்ல" என்றார்.

அவர் போனதும் பாயிண்ட் மூடியைக் கழற்றி, உள்பக்கம் ஆணியால் 0.8 என்று ஆழமாகக் கீறி வைத்தேன்.